நூலகத்துக்கு வாய் கிடையாதா?

பெங்களூருக்குப் பொட்டி தட்ட வந்து பதினாலு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் எந்த மாலில் என்ன தள்ளுபடி, எந்த தர்ஷினியில் புதுசாக என்ன தோசை, எந்த அப்பார்ட்மெண்டில் எத்தனை பெட்ரூம் காலி என்பதெல்லாம் நான் கேட்காமலே என் காதில் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன. ஆனால் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை தூரத்தில் இருக்கும் அரசுக் கிளை நூலகம் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் எதையும் சொன்னதில்லை.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில் இருப்பவை: நூலக நேரம். அமைதி காக்கவும். பையை வெளியே வைக்கவும். செய்தித்தாளைக் கிழிக்கக் கூடாது. புத்தகம் தொலைந்தால் அபராதம். பக்கத்திலேயே, எப்போதோ முடிந்துபோன ஒரு டெண்டரின் நகல். அவ்வளவுதான். இந்த மாசம் என்ன புத்தகம் வந்திருக்கிறது, இந்த வாரம் இங்கே என்ன நடக்கப் போகிறது, பத்தாம் வகுப்புப் பையன் எதைப் படிக்கலாம், ரிட்டயர் ஆன பெரியவர் எதைப் படிக்கலாம்... மூச்! புதுசாக என்ன வந்திருக்கிறது என்று ஒருநாள் வாய் விட்டே கேட்டேன். "ரிஜிஸ்டரில் இருக்கும் சார்" என்று பதில் வந்தது. ரிஜிஸ்டர் எங்கே? பீரோவில். பீரோ சாவி? அது வேறொருவரிடம்.

எந்த நூலகம் என்று ஊர், பேட்டை பெயரெல்லாம் எழுதப் போவதில்லை. அவசியமும் இல்லை. நீங்கள் புனேயில் இருந்தாலும் சரி, போபாலில் இருந்தாலும் சரி, புதுக்கோட்டையில் இருந்தாலும் சரி, உங்கள் ஏரியா கிளை நூலகத்தை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

சரி, மேட்டருக்கு வருகிறேன். நூலகம் தன் செய்தியைச் சொல்வதும், நிகழ்ச்சி நடத்துவதும், "இதைப் படித்துப் பாருங்கள்" என்று சிபாரிசு செய்வதும் ஏதோ பணக்கார நாடுகளின் சொகுசு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை மக்களே. அதுதான் வேலை. புத்தகத்தை அடுக்கிவைப்பது அந்த வேலையின் முதல் பாதி மட்டுமே. முதல் பாதிக்கு மட்டும் சம்பளம் கொடுத்துவிட்டு, ரெண்டாம் பாதியைக் கேட்கக்கூட மறந்துபோன சமூகம் நம்முடையது.

காசு யாருடையது?

முதலில் துட்டு விஷயம். பெங்களூரில் சொத்து வரி ரசீதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வரியோடு செஸ் என்று சில வரிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று நூலகத்துக்கு. 6 சதவீதம். 10,000 ரூபாய் சொத்து வரி என்றால் நூலகத்துக்கு மட்டும் 600 ரூபாய். வாடகைக்கு இருப்பவன் தப்பித்தான் என்று நினைக்காதீர்கள், ஓனர் அதையும் சேர்த்துத்தான் வாடகை போடுகிறார். கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965-ல் வந்தது. தமிழ்நாடு அதற்கும் முன்னோடி. 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அங்கே இப்போது சொத்து வரியின் மேல் 10 சதவீதம் நூலக வரி.

ஆக நூலகம் நமக்குத் தரப்படும் தானம் இல்லை. முன்பணம் கட்டிவிட்ட சரக்கு. கட்டிய காசு போய்ச் சேருகிறதா என்பது தனிக் கதை. பழைய பெங்களூர் மாநகராட்சி வசூலித்த நூலக வரியை நூலகத் துறைக்குத் தராமல் பல நூறு கோடி பாக்கி வைத்திருக்கிறது என்று வருஷா வருஷம் செய்தி வரும். 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்துவிட்டது. பிரிந்தவர்கள் பாக்கியை எப்படிப் பங்கு போட்டுக்கொள்வார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒன்றை மட்டும் யோசியுங்கள். மின்சாரம் நாலு மணி நேரம் நின்றால் தெருவே இறங்கிக் கத்துகிறது. நூலக வரி பல நூறு கோடி நின்றால் ஏன் ஒருத்தரும் கத்துவதில்லை? நூலகம் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது, அதனால் அது நின்றுபோனாலும் தெரிவதில்லை. தன்னைப் பற்றி வாயே திறக்காத நூலகத்துக்காகச் சண்டை போட ஆள் எப்படி வரும்?

"அமெரிக்காவோட கம்பேர் பண்ணாதீங்க சார்"

ஆபீசில் இந்தப் பேச்சை எடுத்ததும் ஒரு நண்பர் சொன்னது இது. ஆன்சைட் போய்வந்த எல்லோருக்கும் ஒரு நூலகக் கதை இருக்கும். சின்ன டவுன், அங்கே மாசாமாசம் ஒரு தாள். குழந்தைகளுக்குக் கதை நேரம், வரிப் படிவம் நிரப்ப உதவி, இந்த மாத நாவல் என்று. அதைச் சொன்னாலே "அங்க காசு இருக்கு, அது வேற ஊர்" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

நான் அமெரிக்காவைச் சொல்லவில்லை. மன்னார்குடியைச் சொல்கிறேன்.

1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் இருந்து ஒரு மாட்டுவண்டி கிளம்பியது. வண்டி நிறையப் புத்தகம். கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சி அது. தொடங்கிவைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். ஊர் ஊராகப் போய் வாசகனைத் தேடிய வண்டி அது. திருவாரூர்ப் பக்கத்துக்காரன் என்ற முறையில் அந்த ரோடுகளை எனக்குத் தெரியும். இன்றைக்கே சில இடங்களில் கார் போனால் முதுகு பிடித்துக்கொள்ளும். மாட்டுவண்டியில் போயிருக்கிறார்கள்!

அதே 1931-ல்தான் ரங்கநாதனின் ஐந்து விதிகள் பற்றிய புத்தகமும் வெளிவந்தது. நூலகவியல் படித்தவர்கள் முதல் வருஷத்திலேயே ஒப்பிப்பார்கள். அதில் மூன்றாவது விதியின் சாரம் இதுதான்: அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற ஒரு ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது நூலகத்தின் பொறுப்பு. ஆள் தேடி வருவது இல்லை, ஆளைத் தேடுவது! அதற்கு என்னென்ன வழி என்றும் அவர் விரிவாகவே பேசுகிறார். பூட்டாத அலமாரி, ஒழுங்கான அடுக்கு, கேட்டவருக்கு உதவும் ஆள், விளம்பரம், வாசகர் வட்டம், சொற்பொழிவு, குழந்தைகளுக்குக் கதை. 1931-ல் ஐயா! இந்த மனிதர் தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊரும் இதே பெங்களூர்தான். 1962-ல் இங்கே ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972-ல் இங்கேயே காலமானார். ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். மூன்றாம் விதியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

இன்னும் உதாரணம் வேண்டுமா? பரோடாவில் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட் 1910-ல் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்து சமஸ்தானம் முழுக்க இலவச நூலகங்களை ஏற்படுத்தினார். பெட்டிகளில் புத்தகம் கிராமத்துக்குப் போனது. 1951-ல் யுனெஸ்கோ உதவியோடு நேரு திறந்துவைத்த டெல்லிப் பொது நூலகம் ஆரம்பத்திலேயே நாடகம், விவாதம், படம் காட்டுதல் என்று வாசகர் குழுக்களை நடத்தியது. பிரிவினையின் ரணம் ஆறாத டெல்லி அது. பழைய டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தக் கட்டடத்தில் எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றவர்களுக்கும் இடம் இருந்தது. நாடே கஞ்சிக்குத் தாளம் போட்ட காலத்தில் முடிந்தது, இன்றைக்கு முடியாதா?

கேரளாவைப் பாருங்கள். 1945-ல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைச் சேர்த்து ஆரம்பித்த சங்கம் பிறகு மாநிலம் தழுவிய இயக்கமானது. அங்கே நூலகங்களுக்குத் தரம் பிரித்துத்தான் மானியம். எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதோடு, என்ன நிகழ்ச்சி நடத்தினாய் என்பதும் கணக்கில் வரும். பெண்கள் நூலகத்துக்கு வரமுடியவில்லையா, வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள். கிராமத்துக் கிரந்தசாலையின் வாசலில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விவாதத்துக்கு நோட்டீஸ் தொங்கும். ஓசூரிலிருந்து பாலக்காடு ஒரு ராத்திரி பஸ் தூரம். அமெரிக்கா எதற்கு?

வழக்கமான சப்பைக்கட்டுகள்

1. "இந்தக் காலத்துல யாரு சார் படிக்கிறா?"

புத்தகக் கண்காட்சிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லுங்கள். சென்னையில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011-ல் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவித்தபோது, கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது வாசகர்கள் பக்கம்தான். பிறகு அதே நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் எழுத்தாளர்களைக் கூப்பிட்டு 'பொன்மாலைப் பொழுது' நடத்தினார்கள். நாற்காலி காலியாகவா கிடந்தது? கூப்பிட்டால் வருகிறார்கள். கூப்பிடாமலே "யாரும் வரவில்லை" என்று புள்ளிவிவரம் எழுதுவது என்ன நியாயம்? ஆனால் இந்தக் கூப்பிடும் பழக்கம் கோட்டூர்புரத்தோடும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தோடும் நின்றுவிடுகிறது. தாலுகாவில் இருக்கும் கிளை நூலகம் வருஷத்தில் ஒரு வாரம், நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம் கொண்டாடிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறது.

2. "வர்றவங்க எல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற பசங்க."

ஆமாம், வருகிறார்கள். வரட்டும். ஒற்றை ரூமில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மேஜை, ஃபேன், அமைதி மூன்றும் கிடைக்காது. அந்தப் பையனுக்கு நூலகம்தான் வீடு. அவனைக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒட்டு இல்லை. என் கேள்வி வேறு. தினமும் எட்டு மணி நேரம் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனுக்கு, கைடு தவிர வேறு ஒரு புத்தகத்தை நாம் எப்போதாவது நீட்டியிருக்கிறோமா? பரீட்சையில் தேறுவது ஆயிரத்தில் சில பேர். மற்றவர்கள் ரெண்டு மூன்று வருஷம் அங்கேயே இருந்துவிட்டு, ஒரு நல்ல நாவலின் பெயர்கூடத் தெரியாமல் வெளியே போகிறார்கள். இதில் தோற்றது பையனா, நூலகமா?

3. "எல்லாம் மொபைல்ல வந்துடுச்சு. டிஜிட்டல் லைப்ரரி இருக்கே!"

இருக்கிறது. கர்நாடக அரசு 2020-ல் தொடங்கியது. நல்ல காரியம், கொரோனா சமயத்தில் பலருக்கு உதவியது. ஆனால் லட்சம் கோப்புகளை ஒரு செயலியில் கொட்டுவதும் லட்சம் புத்தகங்களை ஒரு கட்டடத்தில் கொட்டுவதும் ஒன்றேதான். எதை எடுப்பது என்று தெரியாதவன் ரெண்டு இடத்திலும் முழிப்பான். அவன் கையைப் பிடித்து "இதை எடு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். மொபைல் சிபாரிசு செய்கிறதே என்பீர்கள். அதற்கு நீங்கள் ஏற்கெனவே பார்த்தது மட்டும்தான் தெரியும்.

4. "நூலகர் என்ன பண்ணுவார் பாவம்? ஆளே இல்லை."

இதில் மட்டும் உண்மை இருக்கிறது. ஒரே ஆள் கதவைத் திறந்து, கூட்டி, பேப்பரை அடுக்கி, ரிஜிஸ்டர் எழுதி, பூட்டிவிட்டுப் போகிற கிளைகள் எத்தனையோ. பாதிப் பேர் தொகுப்பூதியம், தற்காலிகம். அதற்கு மேல் தொலைந்த புத்தகத்துக்குத் தலையில் பணம் கட்டும் பயம். இந்தப் பயம்தான் பீரோவைப் பூட்டுகிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகளே வருஷத்துக்கு 1000 புத்தகம் புழங்கினால் அதில் 5 தொலைவது இயல்பு, அலட்சியமோ நேர்மைக்கேடோ இல்லாதவரை அதை ஏற்கலாம் என்கின்றன. எத்தனை மாநிலக் கிளை நூலகங்களில் இந்த தைரியத்தை மேலதிகாரி நூலகருக்குக் கொடுத்திருக்கிறார்? புத்தகம் போகாமல் பார்த்துக்கொண்டவருக்கு நல்ல பெயர். புத்தகத்தைப் பத்துப் பேர் கையில் கொடுத்தவருக்கு மெமோ. இப்படி இருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? ஆகவே என் கோபம் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் மேல் இல்லை. அவருக்கு வாய்ப்பூட்டு போட்ட ஏற்பாட்டின் மேல்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்?

சொல்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். மார்க்கெட்டில் பூ விற்கும் கிருஷ்ணகிரி அம்மா, கட்டட வேலைக்கு வந்த ராய்ச்சூர்க் குடும்பம், எங்கள் அப்பார்ட்மெண்ட் செக்யூரிட்டியான ஒடிசாப் பையன், என்னைப் போல கீபோர்டு தட்டுகிறவன். நாங்கள் எல்லோரும் காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய இடம் இங்கே எத்தனை இருக்கிறது? பார்க், கோயில், நூலகம். பார்க்கைப் பாதி நாள் பூட்டிவைக்கிறார்கள். கோயிலில் உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் பக்கத்தில் நிற்கலாம், பேசிக்கொள்ள மாட்டார்கள். இந்த ஊரை எனக்கு அறிமுகப்படுத்த, என்னை இந்த ஊருக்கு அறிமுகப்படுத்த அரசாங்கம் வைத்திருக்கும் ஒரே அறை நூலகம்தான்.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் இங்கே தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாரம் நாங்கள் போனில்கூடத் தமிழில் மெதுவாகப் பேசினோம். ஒரு நாவல் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் பஸ் எரிந்திருக்காது என்று உளற மாட்டேன். ஆனால் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அவர் எழுதுவதை நான் படிக்கவில்லை, நான் படிப்பது அவருக்குத் தெரியாது என்றால், பதற்றமான நாளில் எங்களுக்குள் பேச என்ன இருக்கும்?

2025 மே மாதம் பானு முஷ்டாக்குக்கு சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில். கன்னடத்துக்கு எவ்வளவு பெரிய நாள்! அதே வருஷம் செப்டம்பரில் எஸ்.எல். பைரப்பா மறைந்தார். ரெண்டு வாரமும் எங்கள் கிளை நூலகத்துக்குப் போனேன். அவர்களுடைய புத்தகத்தை வாசலில் ஒரு மேஜை போட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி. ஒரு மேஜை, ஒரு வெள்ளைத்தாள், ஒரு ஸ்கெட்ச் பேனா. செலவு இருபது ரூபாய்கூட இல்லை. மேஜை இல்லை. டெண்டர் நகல் மட்டும் பத்திரமாக இருந்தது.

சும்மா குறை சொன்னால் போதுமா?

போதாது. ஆகவே எங்கள் நூலக வாசலில் நான் பார்க்க ஆசைப்படும் நோட்டீஸை நானே எழுதிப் பார்த்தேன். ஒரு தாள், மூன்று பகுதி.

செய்தி: இந்த மாதம் வந்த புத்தகங்கள் இவை. இந்த அலமாரியில் இருக்கின்றன. நீங்கள் கேட்டு நாங்கள் வாங்காதவை இவை, காரணம் இது.

நிகழ்ச்சி: சனி காலை குழந்தைகளுக்குக் கதை. ஞாயிறு பதினோரு மணிக்கு வெளியூர்க்காரர்களுக்குப் பேச்சுக் கன்னடம், சொல்லித்தருபவர் இதே தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாதக் கடைசியில் ரேஷன் கார்டு, முகவரி மாற்றப் படிவங்கள் நிரப்ப உதவி.

படித்துப் பாருங்கள் (தமிழ் வாசகர்களுக்கு, கன்னடத்திலிருந்து):

- மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் 'சிக்கவீர ராஜேந்திரன்'. குடகின் கடைசி ராஜாவின் வீழ்ச்சி. வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்தில் எழுதி, 1983-ல் ஞானபீடம் வாங்கியவர்.
- யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா'. ஒரு பிணத்தை யார் எடுப்பது என்ற கேள்வியில் ஒரு அக்கிரகாரமே ஆடிப்போகும் கதை.
- பைரப்பாவின் 'ஒரு குடும்பம் சிதைகிறது'. ஒரு கிராமத்துப் பெண் பஞ்சத்தோடும் பிளேக்கோடும் புகுந்த வீட்டோடும் போராடுவதை விட்டு எழுந்திருக்க முடியாது.
- நேமிசந்த்ராவின் 'யாத் வஷேம்', தமிழில் கே. நல்லதம்பி. நாஜிகளிடமிருந்து தப்பிப் பெங்களூருக்கு வந்து சேர்ந்த யூதப் பெண்ணின் கதை. நாம் தினமும் டிராபிக்கில் நிற்கும் ஊரை வேறு கண்ணால் பார்க்கவைக்கும்.
- விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்', இதுவும் நல்லதம்பி மொழிபெயர்ப்பு. சின்னப் புத்தகம், பணம் வந்த குடும்பத்தின் பெரிய வியாதி.

இதை எழுத எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. நான் நூலகம் படித்தவன் இல்லை. படித்தவர்கள் அரை மணியில் எழுதிவிடுவார்கள், இதைவிட நன்றாக. அவர்களிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கேளுங்கள். போய்க் கேளுங்கள். வாசலில் நின்று "இந்த மாசம் என்ன புதுசு?" என்று மாசாமாசம் கேளுங்கள். வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் வார்டில் வசூலான நூலக வரி எவ்வளவு, நூலகத் துறைக்குப் போனது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். தாள் ஒட்ட ஆள் இல்லை என்றால் நாமே எழுதிக் கொடுப்போம், ஒட்ட அனுமதி மட்டும் போதும். தமிழ்நாட்டில் வாசகர் வட்டம் என்று ஒரு ஏற்பாடு காகிதத்திலாவது இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் அதைத் தூசு தட்டுங்கள்.

நான் போன வாரம் என் தாளைக் கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். கேட்டும்விடுவார் என்று நம்புகிறேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி போவேன்.

பி.கு: உங்கள் ஏரியா நூலகம் மாசம் ஒரு நிகழ்ச்சியாவது நடத்துகிறது, சிபாரிசுப் பட்டியல் ஒட்டுகிறது என்றால் ஊர் பெயரோடு எழுதுங்கள். திட்டுவதற்கு ஊர் பெயர் வேண்டாம் என்றேன். பாராட்டுவதற்குக் கட்டாயம் வேண்டும் :-)